அப்பா மறைக்கச் சொன்ன விஷயம்

கல்யாண யோசனையில் இருந்த மகனுக்கு அப்பா ஒரு புத்தி சொன்னார். மத நம்பிக்கையில் உனக்கிருக்கும் சந்தேகங்களை வரப்போகிறவளிடம் காட்டிக்கொள்ளாதே, கவனமாக மறைத்துவிடு என்றார். சொன்னவர் விவரம் தெரியாதவர் அல்ல. இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் பல்லாண்டுகள் வைத்தியம் பார்த்த டாக்டர் ராபர்ட் டார்வின். எத்தனையோ வீடுகளின் அந்தரங்கம் அறிந்தவர். கணவன் மனைவியில் ஒருவர் நோயில் விழும்வரை எல்லாம் நன்றாகத்தான் போகும். விழுந்த பிறகு, நம்பிக்கையில்லாத புருஷனின் கதி செத்தபின் என்னாகுமோ என்று நினைத்து நினைத்து மனைவி உருகுவாள். அவள் படும் பாட்டைப் பார்த்து அவனும் படுவான். இப்படிப்பட்ட துயரத்தை நேரில் கண்டவர் என்ற முறையில்தான் அவர் எச்சரித்தார்.

மகன் கேட்கவில்லை. 1838-ல், கல்யாணத்துக்கு முன்பே, எம்மா வெட்ஜ்வுட்டிடம் மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டார். அந்த மகன்தான் சார்லஸ் டார்வின்.

பரிணாமக் கொள்கையைச் சொன்ன டார்வினைப் பள்ளிக்கூடத்திலேயே நாம் எல்லோரும் படித்துவிட்டோம். புருஷனாக இருந்த டார்வினைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அந்த இல்லறம் 43 ஆண்டுகள் நீடித்தது. அன்பு வைப்பது என்றால், தன்னை நோகச் செய்யக்கூடிய ஒன்றை எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் என்ன செய்யப்போகிறாரோ என்று நிற்பது. இதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறொரு இல்லறத்தை நான் படித்ததில்லை.

டாக்டர் ராபர்ட்டின் புத்தி நமக்குப் புதிதல்ல. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடி என்பவர்கள் நாம். பையனின் கடன், பெண் சாப்பிடும் மாத்திரை, முன்பு நின்றுபோன நிச்சயதார்த்தம், வீட்டில் யாருக்கோ இருந்த மனநோய், இவற்றையெல்லாம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் அடக்கிவிடுகிறார்கள். அந்தப் 'பிறகு' பல வீடுகளில் வருவதே இல்லை. மறைக்கச் சொல்பவர்கள் கெட்டவர்களும் இல்லை. பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார்கள். அதனால்தான் அந்தப் பேச்சை மீறுவது அவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

டார்வினுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். 1838 ஜூலையில் ஒரு தாளை எடுத்து, கல்யாணம் செய்துகொண்டால் என்ன லாபம், செய்யாவிட்டால் என்ன லாபம் என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிப் பார்த்தவர் அவர். புத்தகம் வாங்கக் காசு குறையும், நேரம் வீணாகும் என்றெல்லாம் ஒரு பக்கம். வயதான காலத்தில் துணை, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள், பேச ஒருவர் என்று மறுபக்கம். கடைசியில் கல்யாணம்தான் என்று முடிவு கட்டினார். கணக்குப் போட்டுப் பார்த்த அதே மனிதர் நவம்பர் 11 அன்று மேயர் கிராமத்தில் மாமன் மகள் எம்மாவிடம் போய்க் கேட்டபோது, தன் முகம் பார்க்கச் சகிக்காது, அவள் சம்மதிக்க மாட்டாள் என்ற பயம் அவருக்குள் இருந்தது. எம்மா சம்மதித்தார்.

எம்மாவின் நம்பிக்கை எங்கே வேர் விட்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1832-ல் அவருடைய அக்கா ஃபேனி 26 வயதில் இறந்துபோனார். வீட்டில் கடைக்குட்டிகளான இரண்டு பேரும் இணைபிரியாமல் வளர்ந்தவர்கள். மறுமையில் அக்காவை மீண்டும் பார்ப்போம் என்பதுதான் எம்மாவைத் தாங்கிய எண்ணம். அப்படிப்பட்டவரிடம் போய், எனக்கு அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது என்று ஒருவர் சொன்னால், அவர் காதில் அது தத்துவச் சந்தேகமாக விழாது. இறந்த பிறகு நாம் இருவரும் பிரிந்துவிடுவோம் என்றுதான் விழும்.

எம்மா கடிதம் எழுதினார். நேர்மையான சந்தேகம் பாவமாக முடியாது என்று என் அறிவு சொல்கிறது, ஆனாலும் நம் இருவருக்கும் நடுவில் இது வேதனையான இடைவெளியாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றார். மறைக்காமல் சொன்னதற்கு நன்றியும் சொன்னார். இயேசு சீடர்களிடம் விடைபெறும் பகுதியை யோவான் நற்செய்தியில் ஒருமுறை எனக்காகப் படியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இந்தக் கடிதத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். 'அதனாலென்ன, பரவாயில்லை' என்று எம்மா மழுப்பியிருக்கலாம். 'திருந்தினால்தான் கல்யாணம்' என்று கட்டளை போட்டிருக்கலாம். இரண்டும் செய்யாமல், சொன்னவருக்கு எதிரே தன் பயத்தை எடுத்து வைத்தார். ஒருவர் மட்டும் திறந்து காட்டினால் அது வாக்குமூலம். கேட்டவரும் தன் பங்குக்குத் திறந்தால்தான் உறவு.

1839 ஜனவரி 29 அன்று கல்யாணம். சில வாரங்களில் எம்மா இன்னொரு கடிதம் எழுதினார். ஒரே வீட்டில் இருந்துகொண்டேதான். வாயால் சொல்ல வராததை எழுதினார். நிரூபித்தால்தான் நம்புவேன் என்ற விஞ்ஞானப் பழக்கம், நிரூபிக்க முடியாத விஷயங்களிலும் உங்கள் மனசை இழுத்துவிடக் கூடாதே என்பது அவர் கவலை. என்றென்றைக்கும் நாம் ஒருவருக்கொருவர் சொந்தமில்லை என்று நினைத்தால் என்னால் தாங்க முடியாது என்றும் எழுதினார். பதில் எழுத வேண்டியதில்லை என்றும் சொன்னார். டார்வின் அந்தக் கடிதத்தைக் கடைசிவரை வைத்திருந்தார். நான் இறந்த பிறகு இதைப் பார்த்தால், பலமுறை இதை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்று தெரிந்துகொள் என அதன் அடியில் குறித்துவைத்தார்.

முத்தமிட்டார், அழுதார்; ஆனால் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எம்மாவும் மாற்றிக்கொள்ளவில்லை. மனசைத் திறந்து பேசினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று இன்று ஆலோசனை சொல்பவர்கள் பலர். தீராத பிரச்சினைகளும் உண்டு. அவற்றை இரண்டு பேருக்கும் தெரிந்த இடத்தில் வைத்துக்கொண்டு வாழ்வதற்குத்தான் அந்தத் திறப்பு.

1844-ல் நடந்தது இதைவிடப் பெரியது. தன் கொள்கையை முதன்முறையாக விரிவாக எழுதி முடித்திருந்தார் டார்வின். எடுத்து எழுதிய பிரதி 231 பக்கம். திடீரென்று தான் இறந்துபோனால் என்ன செய்வது? ஜூலை 5 அன்று மனைவிக்குக் கடிதம் எழுதினார்: 400 பவுண்டு ஒதுக்கி, தகுந்த ஒருவரைப் பிடித்து, இதைச் சீர்செய்து வெளியிடச் செய் என்று. உலகத்தில் எந்த எழுத்து எம்மாவை அதிகம் நோகச் செய்யுமோ, அந்த எழுத்தைக் காப்பாற்றும் பொறுப்பை எம்மாவிடமே கொடுத்தார். நண்பர்களான விஞ்ஞானிகளிடம் நேரே கொடுத்திருக்கலாம். இவள் இதை எரித்துவிட மாட்டாள் என்பதில் அவருக்கு அத்தனை நிச்சயம். எம்மா அதைப் படித்தார். கண் என்ற உறுப்பு சிறிது சிறிதாக உருவாகியிருக்கலாம் என்ற இடத்தில், இது பெரிய அனுமானம் என்று ஓரத்தில் குறித்தார். கொள்கை பிடிக்காதவர், அதன் முதல் வாசகர்களில் ஒருவராக இருந்து அதைச் செம்மைப்படுத்த உதவினார்.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். வாந்தி, படபடப்பு, தலைவலி, கொப்புளம் என்று டார்வினுக்கு ஆண்டுக்கணக்கில் நோய். என்ன நோய் என்று இன்றும் மருத்துவர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். 1848 மே மாதம், நோயுற்றிருந்த அப்பாவைப் பார்க்க ஷ்ரூஸ்பரிக்குப் போனவர், அங்கிருந்து எம்மாவுக்கு எழுதினார். உடம்பு முடியாதபோது நீ இல்லாமல் அநாதையாக உணர்கிறேன், உன் பாதுகாப்பில் இருந்தால்தான் எனக்குப் பயமில்லை என்ற பொருளில். 39 வயது ஆண், உலகம் சுற்றியவர், பேர் பெற்ற விஞ்ஞானி, மனைவியிடம் பாதுகாப்புக் கேட்கிறார். நம் வீடுகளில் எத்தனை அப்பாக்கள் நெஞ்சுவலியைக் கூட வாயுத் தொல்லை என்று சொல்லிப் படுத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இந்தக் கடிதத்தின் அருமை புரியும்.

குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பைப் பற்றி ஆராய்ந்து பேர் பெற்ற மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, 1990-ல் வெளிவந்த தன் கடைசிப் புத்தகத்தை டார்வினின் வாழ்க்கை வரலாறாகவே எழுதினார். 1817-ல் டார்வினின் அம்மா இறந்தபோது சார்லஸுக்கு 8 வயது. அதற்குப் பிறகு வீட்டில் அம்மாவைப் பற்றிய பேச்சே எழவில்லை. பேசாமல் அடக்கிய அந்தத் துக்கம்தான் பிற்காலத்தில் உடம்பில் நோயாக வெளிப்பட்டது என்பது பௌல்பியின் வாதம். எல்லோரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அழக் கூடாத வீட்டில் வளர்ந்த ஒருவர், எந்த வீட்டில் அழலாம் என்று தேடிக் கண்டுபிடித்தார் என்பது மட்டும் கடிதங்களில் தெரிகிறது.

1851-ல் அந்த வீட்டில் இடி விழுந்தது. பத்து வயது மகள் ஆனிக்கு உடம்பு சரியில்லாமல் மால்வெர்ன் ஊருக்கு வைத்தியத்துக்குக் கொண்டுபோனார்கள். எம்மா நிறைமாத கர்ப்பிணி, போக முடியவில்லை. குழந்தையின் பக்கத்தில் டார்வின். அங்கிருந்து விடாமல் கடிதம் எழுதினார். ஏப்ரல் 23 அன்று ஆனி இறந்தாள். செய்தி கேட்டு எம்மா எழுதிய பதிலில், போன குழந்தையின் ஏக்கத்தில் மற்ற பிள்ளைகள் மேல் எனக்கு ஒட்டாமல் இருக்கிறது, அது வலிக்கிறது, சீக்கிரம் சரியாகிவிடுவேன் என்கிறார். ஒரு தாய் வெளியே சொல்லவே கூசும் வார்த்தை இது. அடுத்த வரியிலேயே, எனக்கு முதல் செல்வம் நீங்கள்தான், பத்திரமாக வந்து சேருங்கள், சேர்ந்து அழுவதுதான் எனக்கு இருக்கும் ஆறுதல் என்கிறார். குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் திரும்பும் மனிதருக்கு இதைவிட வேறென்ன சொல்ல முடியும்?

அதற்குப் பிறகு ஆனியைப் பற்றி அம்மா மிக அரிதாகவே பேசினார், தனக்குத் தெரிந்து அப்பா பேசியதே இல்லை என்று மகள் ஹென்ரியட்டா பின்னாளில் எழுதினார். எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. எல்லாவற்றையும் எப்போதும் பேசிக்கொண்டே இருப்பது திறந்த மனசாகாது. சேர்ந்து அழுதவர்களுக்கு அதன்பின் மௌனமாக இருக்க உரிமை உண்டு.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. இந்த இல்லறத்தில் சுமை சமமாக இல்லை. 1839-க்கும் 1856-க்கும் நடுவில் எம்மா பத்துப் பிள்ளை பெற்றார். மூன்று பேரைப் பறிகொடுத்தார். வீடே டார்வினின் நோயைச் சுற்றித்தான் நடந்தது. அவருடைய பலவீனத்தைத் தாங்க எம்மா இருந்தார். எம்மாவின் களைப்பை யார் தாங்கினார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. சொன்னதை அடுத்த சண்டையில் எடுத்து முகத்தில் எறியும் வீடுகள் இருக்கின்றன. அங்கே வாயை மூடிக்கொண்டிருக்கும் பெண்ணைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. கையில் வாங்குகிறவர் யார் என்று தெரிந்துதான் கொடுக்க வேண்டும்.

1861 ஜூனில் எம்மா மறுபடி எழுதினார். உங்கள் பொறுமையை, மற்றவர்கள் மேல் காட்டும் இரக்கத்தை, சின்ன உதவிக்கும் நன்றி சொல்லும் குணத்தைப் பார்க்கும்போது, இவையெல்லாம் இறைவனிடம் போய்ச் சேரக் கூடாதா என்று ஏங்குகிறேன் என்று. டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகம் வெளியாகி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. டார்வின் வாதாடவில்லை. கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் என்று அந்தக் கடிதத்தில் எழுதிவைத்தார்.

1882 ஏப்ரல் 19 அன்று அவர் இறந்தார். குடும்பத்துக்காக எழுதிய சுயசரிதையில், நம்பாதவர்களுக்கு நிரந்தர நரகம் என்ற போதனையை மிகக் கடுமையாகச் சாடியிருந்தார். அப்படியானால் என் அப்பாவும் அண்ணனும் நண்பர்களும் நரகத்துக்கா போவார்கள் என்பது அவர் கோபம். அதே ஆண்டு அக்டோபரில் எம்மா அதைப் படித்து, இந்தப் பகுதி வெளிவருவதை நான் விரும்பவில்லை என்று குறிப்பு எழுதினார். கூடவே, நிரந்தரத் தண்டனை என்ற அந்தப் போதனையைப் பற்றி எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் தகும், ஆனால் இன்று அதைக் கிறிஸ்தவம் என்று சொல்பவர்கள் மிகச் சிலரே என்றும் எழுதினார். 1887-ல் மகன் ஃபிரான்சிஸ் அப்பகுதியை நீக்கித்தான் வெளியிட்டார். பேத்தி நோரா பார்லோ 1958-ல் அதைத் திரும்பச் சேர்த்தபோது பாட்டியின் குறிப்பையும் அடிக்குறிப்பாக அச்சிட்டார். டார்வினின் கோபத்தைப் படிக்கிறவர் இப்போது எம்மா எழுதியதையும் சேர்த்தே படிக்கிறார்.