வலிப்பு வந்தால் சாவி எதற்கு?



நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டிலோ, கோயில் கொடையிலோ ஒருத்தர் வலிப்பு வந்து விழுந்தால் உடனே நாலு பேர் "சாவி கொண்டாங்க, இரும்பு கொண்டாங்க"ன்னு சத்தம் போடுவாங்க. சாவிக்கொத்தைக் கையில் திணிப்பாங்க. கொஞ்ச நேரத்தில் வலிப்பு நிற்கும். "பாத்தியா, இரும்புக்கு நின்னுட்டு" என்பாங்க. உண்மை என்னவென்றால், பெரும்பாலான வலிப்புகள் 1 முதல் 3 நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுக்கவும் அவ்வளவு நேரம்தான் ஆகிறது!

வலிப்பு என்றால் என்ன?

மூளையில் உள்ள நரம்பு செல்கள் சிறு சிறு மின்துடிப்புகள் மூலம் செய்தி அனுப்புகின்றன. வகுப்பில் ஒவ்வொருத்தராகப் பதில் சொன்னால் பாடம் நடக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால்? அப்படி நிறைய செல்கள் திடீரென்று ஒன்றாகத் துடிப்பதுதான் வலிப்பு. இது பேயும் இல்லை, சாபமும் இல்லை. தொட்டால் ஒட்டாது. காக்காய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 'கால் கை வலிப்பு' என்பதுதான் பேச்சில் 'காக்காய் வலிப்பு' ஆகிவிட்டது என்று சொல்வார்கள்.

சின்னக் குழந்தைக்குக் காய்ச்சலில் ஒரு தடவை வந்தால் அது வலிப்பு நோய் ஆகாது. காரணம் இல்லாமல் திரும்பத் திரும்ப வந்தால்தான் வலிப்பு நோய்.

எத்தனை வகை?

1. முழு உடல் வலிப்பு: நினைவு தப்பி, உடம்பு விறைத்து, கை கால் வெட்டி இழுக்கும். எல்லாருக்கும் தெரிந்தது இதுதான்.

2. மூளையின் ஒரு பகுதியில் தொடங்குவது: ஒரு கை மட்டும் துடிக்கலாம். சிலர் வாயைச் சப்புவார்கள், சட்டைப் பொத்தானைத் தடவுவார்கள், கூப்பிட்டால் பதில் வராது.

3. வெறித்துப் பார்க்கும் வலிப்பு: பிள்ளைகளுக்கு வருவது. விழ மாட்டார்கள். சில விநாடி அப்படியே நின்று, பிறகு ஒன்றும் நடக்காதது போல இருப்பார்கள்.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு இருந்தது இந்த மூன்றாவது வகை. சொல்வதெழுதுதலில் நடுவில் நாலு வார்த்தை காணாமல் போகும். "எங்க பராக்குப் பாக்குத?" என்று திட்டு விழும். டாக்டர் என்னை மூணு நிமிசம் வேகமாக மூச்சு இழுத்து விடச் சொன்னார். நடுவிலே நின்றுவிட்டேனாம். இ.இ.ஜி. படத்தில் அது அப்படியே பதிவாகியிருந்தது. மனித மூளையின் மின்துடிப்பை 1924-ல் முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனி நாட்டு ஹான்ஸ் பெர்கர். ரெண்டரை வருசம் மாத்திரை சாப்பிட்டேன். பிறகு டாக்டரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். அதனால், வகுப்பில் யாராவது அடிக்கடி 'பராக்குப் பார்த்தால்' திட்டுமுன் வீட்டில் சொல்லி டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

ஏன் வருகிறது?

தலையில் அடி, பிறக்கும்போது மூச்சுத் திணறல், மூளைக் காய்ச்சல் இவை சில காரணங்கள். நாடாப்புழுவின் முட்டை கழுவாத கை, கழுவாத காய்கறி வழியாக வயிற்றுக்குள் போய், அதன் புழு மூளையில் கட்டியாகத் தங்கினாலும் வரும். சைவம் சாப்பிடுபவர்களுக்கும் வரலாம். பலருக்குக் காரணமே தெரிவதில்லை.

சிகிச்சை உண்டா?

உண்டு. சரியான சிகிச்சை கிடைத்தால் 100-ல் 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1912-ல் வந்த பினோபார்பிட்டோன், 1938-ல் வந்த பெனிட்டாய்ன் மாத்திரைகள் இன்றும் உதவுகின்றன. விலையும் குறைவு. மாத்திரைக்கு அடங்காத சிலருக்கு ஆபரேஷன் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1952-லேயே அதைச் செய்தார். "நல்லாயிட்டு"ன்னு நாமாக மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. கொடை பார்க்க விடிய விடிய விழித்தாலும் வலிப்பு வரலாம்.

உங்களுக்குத் தெரியுமா? இந்து திருமணச் சட்டத்தில், வலிப்பு நோய் உள்ளவரின் திருமணத்துக்குத் தடையாக ஒரு சொல் இருந்தது. 1999-ல் அதை நீக்கிவிட்டார்கள். சட்டம் மாறிவிட்டது, பக்கத்து வீட்டுப் பேச்சுதான் இன்னும் மாறவில்லை.

நம் கண் முன்னே வந்தால்:

* கூட்டத்தை விலக்குங்கள். மணியைப் பாருங்கள்.
* தலைக்கடியில் பையோ துண்டோ வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள்.
* கை காலை அமுக்காதீர்கள். வாயில் எதுவும் வைக்காதீர்கள், தண்ணீரும் கொடுக்காதீர்கள்.
* வெட்டு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
* 5 நிமிடம் தாண்டினாலோ, உடனே மறுபடி வந்தாலோ, அடிபட்டாலோ 108-க்குப் போன் செய்யுங்கள்.

நமக்கென்று ஒன்று: வலிப்பு உள்ள நண்பன் குறுக்குத்துறையில் குளிக்கப் போனால் தனியாக விடாதீர்கள். முழங்கால் தண்ணீரில் விழுந்தாலும் மூச்சு முட்டும். "நீ வராதே" என்று சொல்ல வேண்டாம். நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருத்தர் கூட நின்றால் போதும், அவனும் நம்மோடு தாமிரபரணியில் குளிக்கலாம்.

நினைவு திரும்புகிறவர் முதலில் பார்ப்பது நம் முகத்தைத்தான். அது சிரிக்கிற முகமாகவோ பயந்த முகமாகவோ இல்லாமல், "ஒண்ணுமில்ல, நாங்க இருக்கோம்" என்று சொல்கிற முகமாக இருக்கட்டும்.

— 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு