பழைய இசைத்தட்டு ஒன்று

வைப்பினில் குடியிருக்கும் நாம், சென்ற மாதம் மட்டாஞ்சேரி யூதத் தெருவிலுள்ள பழம்பொருட்கடை ஒன்றில் ஓர் இசைத்தட்டை வாங்கினோம். ஏழு அங்குல அகலமும் நிமிடத்திற்கு 45 சுற்றும் உடைய சிறு தட்டு அது. பாடியவர் 'சிலோன் மனோகர்' என வழங்கப்பெற்ற ஏ. ஈ. மனோகரன்.

இலங்கைத் தமிழர் 'பொப் இசை' என்று அழைத்த மெல்லிசை, 1970-களில் கடல் கடந்து தமிழகத்தையும் ஆட்கொண்டது. தாமே எழுதி, இசையமைத்து, பாடிய நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும், மனோகரனின் 'சுராங்கனி'யும் அக்காலத்தில் ஒலிக்காத திருமண வீடு இல்லை எனலாம். பின்னதன் மெட்டு 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்திலும் இடம்பெற்றது. இவ்விசைக்குத் தாளம் தந்தது இலங்கையின் 'பைலா'. போர்த்துகீசியரும், அவர்களோடு வந்த ஆப்பிரிக்கரும் விட்டுச் சென்ற செல்வம் அது. அதே போர்த்துகீசியர் 1503-இல் நம் வைப்பின் தீவின் பள்ளிப்புறத்திலும் கோட்டை எழுப்பினர் என்பதை அன்பர்கள் நினைவுகூரலாம்.

தட்டை ஏன் வாங்கினோம் என்பதைச் சொல்ல வேண்டும். எம் தந்தையார் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கையின்படி, 1977-இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்திறங்கினார். பின்னர் புனலூர் இரப்பர்த் தோட்டத்தில் வேலை பெற்றார். நாம் பிறந்ததும் அங்கேயே. ஆயினும் பிறந்த மண்ணைப் பற்றி அவர் எம்மிடம் ஒரு சொல்லும் உரைத்ததில்லை.

அண்டை வீட்டாரின் பழைய பெட்டியில் தட்டைச் சுழலவிட்டோம். நடுவே ஒரு கீறல். ஊசி அவ்விடத்தில் தாவியது. கட்டிலில் சாய்ந்திருந்த தந்தையார், விட்டுப்போன அடியைத் தாமே பாடி முடித்தார்.

"தம்பி, எங்கள் லயத்திலே ஒரே ஒரு ரேடியோ. இவர் குரல் வந்தால் பெரட்டுக்களம் வரைக்கும் ஆள் நிற்கும்" என்றார். அன்றிரவு தோட்டத்தின் பெயரையும், தம் தாயாரை அடக்கம் செய்த மேட்டையும், கப்பலில் பிரிந்துபோன தோழர்களையும் சொன்னார். எம் மகள் அவற்றையெல்லாம் பள்ளி நோட்டில் எழுதி வைத்தாள்.

பழைய தட்டு வாங்குவோர்க்குச் சில குறிப்புகள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேலோட்டமான கோடுகளால் பெரும்பாலும் கேடில்லை. நகத்திற்குத் தட்டுப்படும் கீறலே ஊசியைத் தாவச் செய்யும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மென்துணியால் வரிகளின் போக்கிலேயே துடையுங்கள். நடுத்தாளில் ஈரம் படலாகாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். வெயிலில் தட்டு வளையும். நம் காயலோர ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

மனோகரன் 2018 சனவரியில் சென்னையில் மறைந்தார். அவர் குரல் தட்டில் இருக்கிறது. எப்போது வேண்டுமாயினும் கேட்கலாம். நம் இல்லத்துப் பெரியோர் நெஞ்சில் உள்ளவை எந்தத் தட்டிலும் பதியப்படவில்லை. பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர்வந்த குடும்பத்தினர் நாம். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வோமாக.