300 ரூபாய் போர்டு: 2 லட்சம் போடறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

ஐடி வேலையில இருக்கிற ஒரு தம்பி போன மாசம் என்கிட்ட வந்தார். காலேஜ் எலெக்ட்ரானிக்ஸ் பசங்களுக்காக மைக்ரோகண்ட்ரோலர் போர்டு டிசைன் பண்ணியிருக்கார். விலை 300 ரூபாய். சேமிப்பு 2 லட்சத்தையும் இதுல போடலாமான்னு கேட்டார்.

அவர் கணக்குல ஒரு போர்டுக்குச் செலவு 190 ரூபாய். சிப், பிசிபி, யூஎஸ்பி சாக்கெட், அவ்வளவுதான். "ஜிஎஸ்டி எங்கே தம்பி?"ன்னு கேட்டேன். ரிஜிஸ்டர் பண்ணலைன்னா, பார்ட்ஸ் வாங்கும்போது கட்டுற 18% திரும்ப வராது, அதுவும் செலவுதான். அப்புறம் சோல்டரிங் கூலி, டெஸ்டிங்ல ஃபெயில் ஆகுற போர்டு, கூரியர். முதல் டிசைன்ல தப்பு வந்தா அந்த லாட் மொத்தமும் குப்பை. எல்லாம் சேர்த்தா 300-ஐத் தாண்டிடுச்சு. அவரோட சனி, ஞாயிறு உழைப்பை நான் சேர்க்கவே இல்ல!

2005-ல இத்தாலியில இவ்ரேயா ஊர் டிசைன் கல்லூரியில ஆர்டுயினோ பிறந்தப்பவும் இதே விலைப் பிரச்சனைதான். அங்கேயே ஒரு மாணவர் முன்னாடி செஞ்ச வயரிங் போர்டுல அட்மெகா128 சிப் இருந்தது. இவங்க விலை குறைஞ்ச அட்மெகா8-க்கு மாறினாங்க. கத்துக்கிறவங்களுக்கு அது போதும். டிசைனையும் ஓபன் சோர்ஸா விட்டுட்டாங்க. அதனாலதான் இன்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட்ல அதோட குளோன் சீப்பா கிடைக்குது. தம்பிக்குப் போட்டி அந்த குளோன்தான்.

சேமிப்பைத் தொடாதீங்கன்னு சொன்னேன். 20 போர்டு மட்டும் போடுங்க, 10,000 ரூபாய்க்குள்ள. சோல்டரிங் நீங்களே பண்ணுங்க. ஜூனியர்ஸுக்கு ஃப்ரீயா கொடுக்காம காசு வாங்கிட்டுக் கொடுங்க. 20-ம் போயிடுச்சுன்னா திரும்ப வாங்க, அடுத்த 100-க்கு எக்செல் ஷீட் நானே போட்டுத் தரேன்.