கடற்கரையிலிருந்து மலைக்கு வந்த மர்மம்

ஸ்பெயின் நாட்டின் கொஸ்டா பிராவா கடற்கரை. நீலக் கடலை நோக்கிய மாளிகையொன்றில் செல்வச் சீமாட்டி ஒருத்தி தனித்து வாழ்கிறாள். விபத்தில் மாண்ட அவளுடைய தமையன் தானே என்று கூறிக்கொண்டு ஒருவன் வந்து நிற்கிறான். அவள் மறுக்கிறாள், மற்றவர்களோ அவனையே நம்புகின்றனர். 1958இல் வெளியான 'சேஸ் எ குரூக்கட் ஷடோ' என்னும் ஆங்கிலப் படத்தின் கதை இது.

1963இல் இக்கதை வங்காளத்தில் 'சேஷ் அங்கோ' ஆயிற்று. தமையனுக்குப் பதிலாக, இறந்த மனைவி திரும்பி வந்தாள். அடுத்த ஆண்டே தாதா மிராசியின் இயக்கத்தில் அது 'புதிய பறவை'யாகத் தமிழில் சிறகு விரித்தது.

நம்மவர் கடற்கரையை விட்டனர்; கடலை விடவில்லை. சிங்கப்பூரிலிருந்து வரும் கப்பலில் கோபாலும் (சிவாஜி கணேசன்) லதாவும் (சரோஜாதேவி) சந்திக்கின்றனர். பின்னர் கதை உதகமண்டலத்துக்கு ஏறுகிறது. மாத்தளை மலைச்சாரலில் வாழும் நமக்கு அந்தக் குளிரும் பசுமையும் அந்நியமல்ல. திருமணம் கூடிவரும் வேளையில், மாண்டுபோன மனைவி சித்ராவாகச் சௌகார் ஜானகி வந்து நிற்கிறார். உடன் மாமனாக எம். ஆர். ராதா! (முடிவை அறிய விரும்பாதோர் இங்கேயே நிறுத்திக்கொள்க.)

ஆங்கிலப் படத்து நாயகி தமையனைத் திட்டமிட்டே கொன்றவள். கோபாலோ சினத்தில் ஓங்கி அறைந்தான். பலவீனமான இதயம் நின்றது. உடலை ரயில் தண்டவாளத்தில் கிடத்தித் தற்கொலையென நம்பவைத்தான். காதலி லதாவே துப்பறிய வந்த பொலிஸ் அதிகாரி. ஆயினும் அவளது காதல் மெய்யாகிவிட்டது. இத்திருப்பத்தை எண்ணிய கதாசிரியரை எத்துணை பாராட்டினாலும் தகும்! விசுவநாதன்–ராமமூர்த்தியின் இசையும் சேர, அரங்கமே கோபாலுக்காகக் கண்ணீர் சிந்தியது.

மாணவர்கள் இப்படத்தை மீண்டும் பார்க்கையில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். சித்ராவுக்காக அழுதவர் யார்? அவள் குடித்தாள், குடும்ப மானத்தைக் குலைத்தாள் என்பனவெல்லாம் கோபாலின் வாய்மொழியாகவே நமக்குக் கிடைக்கின்றன. வேடமிட்டு வந்த போலிச் சித்ரா தனக்காக எவ்வளவோ வாதாடுகிறாள். உண்மைச் சித்ரா தன் கதையைத் தானே சொல்லும் காட்சி படத்தில் ஒன்றேனும் இல்லை.