தள்ளுவதை நிறுத்தினால் வண்டி ஏன் நிற்கிறது?

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டு அறிவியலில் விசை, உராய்வு, வேகம் ஆகியவை பாடமாக வருகின்றன. இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் நான்காம் படிவ இயற்பியலில் அவையே நிலைமம், உந்தம், நியூட்டன் விதிகள் என்று இன்னும் கனமாகத் திரும்பி வருகின்றன. அன்றாட வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டு காட்டிக் கற்பிக்க வேண்டும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்வது வழக்கம். நல்ல யோசனைதான். ஆனால் இந்தப் பாடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளைகள் இதைப் பற்றித் தவறான கருத்தைக் கற்றுக்கொண்டதே அந்த அன்றாட வாழ்க்கையில்தான்.

குலை ஏற்றிய தள்ளுவண்டியைத் தள்ளுவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு பிள்ளையிடம் கேட்டுப் பார்க்கலாம். "நின்றுவிடும்" என்று சொல்வான். ஏன் என்றால், "தள்ளவில்லையே, அதனால்தான்" என்பான். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறான். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் பெரிய அறிஞர்களே அப்படித்தான் நம்பினார்கள். ஆகவே அந்தப் பதிலுக்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை. வண்டியை நிறுத்துகிற கை ஒன்று கண்ணில் படாமல் இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுப்பதுதான் ஆசிரியரின் வேலை.

அதற்குக் கேரம் பலகையைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் கிடையாது. பலகையை நன்றாகத் துடைத்துவிட்டு, மாவு போடாமல் ஒரு காயைச் சுண்டச் சொல்லுங்கள். எவ்வளவு தூரம் போகிறது என்று குறித்துக்கொள்ளட்டும். பிறகு மாவைத் தூவி, அதே அளவு பலத்தில் மீண்டும் சுண்டட்டும். காய் இன்னும் நெடுந்தூரம் போகும். விரல் காயைத் தொட்டது இரண்டு முறையும் ஒரு கணம்தான். விரலை விட்டபின் காயை யாரும் தள்ளவில்லை. அப்படியானால் இரண்டாம் முறை அது அதிக தூரம் போனது எப்படி? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு ஆசிரியர் கொஞ்ச நேரம் சும்மா இருப்பது நல்லது. மாவு காயைத் தள்ளவில்லை, பலகை காயைப் பிடித்து இழுத்ததைக் குறைத்தது என்று வகுப்பில் யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். அடுத்த கேள்வி தானாக வரும். உராய்வே இல்லாத, முடிவே இல்லாத கேரம் பலகை ஒன்று இருந்தால் காய் எங்கே போய் நிற்கும்?

நிற்காது. அதே வேகத்தில் நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். சாய்ந்த பலகைகளில் உருண்டைகளை உருட்டிப் பார்த்த கலிலியோ இந்த முடிவை நெருங்கினார். 1687இல் நியூட்டன் அதைத் தம் முதல் விதியாக எழுதினார். ஓடுவதற்கு விசை தேவையில்லை, வேகமோ திசையோ மாறுவதற்குத்தான் விசை தேவை. இதைக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்யச் சொன்னால் சோதனைத் தாளில் சரியாக எழுதிவிட்டு, திடலுக்குப் போனதும் பழைய நம்பிக்கைக்கே திரும்பிவிடுவார்கள்.

கேரம் பலகையில் இன்னொன்றையும் பார்க்கலாம். ஒரு காயைச் சுண்டி, அசையாமல் இருக்கும் மற்றொரு காயில் நேராக மோதவிட்டால் வந்த காய் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றுவிடும், இருந்த காய் கிளம்பிப் போகும். காயைவிடக் கனமான ஸ்ட்ரைக்கரால் அடித்தால் அது நிற்காமல் பின்னாலேயே கொஞ்சம் போகும். பல நாள் விளையாடியவர்களுக்கு இது கைப்பழக்கம். உந்தம் என்ற சொல்லை இந்த இடத்தில் அறிமுகப்படுத்தினால் அது ஒட்டிக்கொள்ளும்.

உராய்வை வில்லனாக மட்டும் காட்டிவிடவும் கூடாது. மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் சாலையில் லோரி சேற்றில் மாட்டிக்கொள்வதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். சக்கரம் சுற்றுகிறது, லோரி நகரவில்லை. இயந்திரத்துக்குப் பலம் இல்லாமல் இல்லை, சக்கரம் தரையைப் பிடிக்கத்தான் வழியில்லை. ஓட்டுநர் பனை மட்டையையோ பலகையையோ டயருக்கு அடியில் சொருகுவார். அவர் அங்கே உராய்வைத்தான் உண்டாக்குகிறார்.

அடுத்தது விழுவது. கனமான பொருள் முதலில் விழும் என்று பெரியவர்கள் பலரும் இன்னும் நம்புகிறார்கள். இரண்டு தாள்களை எடுத்து ஒன்றைக் கசக்கி உருண்டையாக்கி, இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து விட்டால் போதும். எடை ஒன்றுதான், ஆனால் உருண்டை முந்திவிடும். வித்தியாசம் காற்றால் வந்தது. 1971இல் அப்போலோ 15 பயணத்தின்போது காற்றில்லாத சந்திரனில் டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் இறகையும் ஒன்றாகக் கீழே விட்டார். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன.

தோட்டப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 10 மீட்டர் உயரச் செம்பனை மரத்திலிருந்து வெட்டிவிட்ட குலை தரையைத் தொட ஏறக்குறைய 1.4 விநாடி ஆகும். தொடும்போது அதன் வேகம் விநாடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர். தாமான் சாலையில் மோட்டார் சைக்கிள் சாதாரணமாகப் போகிற வேகம் அது. குலை விழுகிற சத்தத்தைக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது என்றால் என்ன என்று அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் பாடம் சோதனைத் தாளைத் தாண்டிவிடுகிறது. பதினாறு வயதில் மோட்டார் உரிமம் எடுக்கிற பிள்ளைகளும், உரிமம் இல்லாமலே தோட்டத்துக்குள் ஓட்டுகிற பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் மோட்டார் ஒரே விநாடியில் 16.7 மீட்டர் ஓடிவிடும். காற்பந்துத் திடலில் பெனால்டி பகுதியின் ஆழம் 16.5 மீட்டர். திடீரென்று ஒரு மாடு குறுக்கே வருவதைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடிக்கும் முன்பே ஒரு பெனால்டி பகுதி கடந்துபோயிருக்கும். அதன்பின் நல்ல காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். மொத்தம் 37 மீட்டர். இதையே 30 கிலோமீட்டர் வேகத்துக்குக் கணக்கிட்டால் 13 மீட்டர்தான் வருகிறது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும் என்பதுதான் இதில் முக்கியம். பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துப்போய் இந்த மூன்று தூரங்களையும் கயிறு பிடித்து அளக்கச் சொன்னால் மறக்க மாட்டார்கள். மழை பெய்தால் தூரம் இன்னும் நீளும். நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து சாலை வழுக்குவதால் அப்போது கூடுதல் கவனம் வேண்டும். கேரம் மாவு செய்த வேலையை அங்கே அந்தத் தண்ணீர் செய்கிறது.

பிள்ளையை மோட்டாரின் முன்னால் நிற்கவைத்து ஓட்டுகிற அப்பாக்களும் இதைக் கேட்க வேண்டியவர்கள். வண்டி திடீரென நின்றால் பிள்ளை நிற்காது, அதே வேகத்தில் முன்னே போகும். காரில் அந்த வேலையை இருக்கை வார் தடுக்கிறது. மலேசியாவில் பின்னிருக்கையில் இருப்பவர்களும் வார் அணிய வேண்டும் என்ற சட்டம் 2009இல் வந்தது.

தலைக்கவசம் என்ன செய்கிறது என்பதைப் பந்து பிடிப்பதை வைத்து விளக்கலாம். வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறோம். நிற்கும் நேரம் கூடினால் விசை குறையும். தலைக்கவசத்துக்குள் இருக்கும் நுரைப்பகுதி நசுங்கி, தலை நிற்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது. வாரைக் கட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொண்ட கவசம் அதற்குமுன்பே பறந்துவிடும்.

இடைநிலைப்பள்ளியில் சொற்கள் மாறும்போது சில பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். விசை அங்கே 'டாயா', உராய்வு 'கெசேரான்', நிலைமம் 'இனெர்சியா'. பொருள் தெரிந்த பிள்ளைக்குப் புதுச் சொல் ஒரு வாரத்தில் பழகிவிடும். அதனால் ஆறாம் ஆண்டிலேயே தமிழ்ச்சொல்லோடு தேசிய மொழிச் சொல்லையும் பக்கத்தில் எழுதிக்காட்டினால் பாதி பயம் போய்விடும். உண்மையில் தொல்லை தருவது 'ஜிசிம்', 'பெராட்' என்ற இரண்டும்தான். தமிழில் ஒன்று பொருண்மை, மற்றது எடை. கடையில் நாம் 5 கிலோ அரிசியின் எடை 5 கிலோ என்கிறோம். பிள்ளை வீட்டுக்கு வந்து அதன் எடை 49 நியூட்டன் என்று சொன்னால் சிரிக்க வேண்டாம், அவன் சொல்வது சரி. 5 கிலோ என்பது பைக்குள் எவ்வளவு அரிசி இருக்கிறது என்பது. 49 நியூட்டன் என்பது பூமி அதை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பது. சந்திரனுக்குக் கொண்டுபோனால் அந்தப் பையின் எடை ஏறத்தாழ 8 நியூட்டன்தான். அரிசி ஒரு மணிகூடக் குறைந்திருக்காது.