ஜீப்பை உயர்த்தினால் எது உயரும்?

மலைத்தோட்டங்களுக்குச் செல்லும் பாதைகளில் பழைய ஜீப்புகள் இன்றும் ஓடுகின்றன. கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைக்கு ஏறும் கற்பாதையில் சென்றவர்கள் அவற்றின் உழைப்பை அறிவார்கள். அவற்றுள் சில, மற்றவற்றைவிட உயரமாக நிற்பதையும் கவனித்திருப்பார்கள். "ஸ்பிரிங்கை ஏற்றிக் கட்டிவிட்டோம், இனிப் பாறை தட்டாது" என்று அவற்றின் ஓட்டுநர்கள் பெருமையுடன் கூறுவதுண்டு. இது எவ்வளவு தூரம் உண்மை? சற்று ஆராய்வோம்.

ஜீப்பைத் தாங்குவது எது?

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்காக உருவான வில்லிஸ் ஜீப்பே இவ்வகை வண்டிகளின் மூதாதை. இதன் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைப்பட்ட தூரம் 80 அங்குலம், அதாவது 203 செ.மீ. மட்டுமே. சட்டத்தைத் தாங்குபவை நான்கு பட்டை ஸ்பிரிங்குகள். வில்போல் வளைந்த எஃகுப் பட்டைகள் பலவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியதே பட்டை ஸ்பிரிங். அதன் ஒரு முனை சட்டத்துடன் அசையாத ஊசியால் இணைந்திருக்கும். மறுமுனை, ஊஞ்சல்போல் ஆடும் 'ஷாக்கிள்' என்னும் சிறு இணைப்பில் தொங்கும். சுமை ஏறும்போது வளைவு தட்டையாகி ஸ்பிரிங் நீளும். அந்த நீட்சிக்கு இடம் கொடுப்பதே ஷாக்கிளின் வேலை. ஸ்பிரிங்கின் நடுப்பகுதியில் யூ போல்ட்டுகளால் அச்சு பிணைக்கப்பட்டிருக்கும்.

உயராத ஒன்று

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஸ்பிரிங் இருப்பது அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையில். ஆகவே ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் சட்டமும் அதன் மேலுள்ளவையும்தான் உயரும். அச்சோ சக்கரத்தின் நடுவில் இருப்பது. அதன் உயரத்தைத் தீர்மானிப்பது டயரின் ஆரம் ஒன்றே. அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிபரன்ஷியல் கூண்டுதான் பாறையில் முதலில் தட்டும் பகுதி. ஸ்பிரிங்கை 10 செ.மீ. உயர்த்தினாலும் அந்தக் கூண்டு ஒரு மில்லிமீட்டர்கூட உயராது!

அப்படியானால் பயனே இல்லையா? உண்டு. வண்டியின் வயிறு மேட்டில் உரசாது. முன்னும் பின்னும் செங்குத்தான சரிவுகளில் முட்டாமல் ஏறி இறங்கலாம். பெரிய டயர் பூட்ட இடம் கிடைக்கும். 72 செ.மீ. விட்டமுள்ள டயருக்குப் பதில் 78 செ.மீ. டயர் பூட்டினால், ஆரம் 3 செ.மீ. கூடுகிறது, கூண்டும் அந்த 3 செ.மீ. மட்டுமே உயர்கிறது.

உயர்த்தும் வழிகள்

ஷாக்கிளை நீளமாக்குவது மலிவான வழி. ஆனால் ஷாக்கிள் ஸ்பிரிங்கின் ஒரு முனையில் மட்டுமே இருக்கிறது. அச்சோ நடுவில் இருக்கிறது. எனவே ஷாக்கிளை 5 செ.மீ. நீட்டினால் வண்டி ஏறக்குறைய 2½ செ.மீ.தான் உயரும். அதிக வளைவுள்ள புதிய ஸ்பிரிங்குகளைப் பூட்டுவது இரண்டாவது வழி. வில்லிஸ் வகை ஜீப்பில் ஸ்பிரிங் அச்சுக்குழாயின் கீழே இருக்கும். அதை அச்சின் மேலே மாற்றிக் கட்டுவது மூன்றாவது வழி. குழாயின் விட்டமும் பட்டைக் கட்டின் கனமும் சேர்ந்து, ஒரேயடியாக 10 செ.மீ.க்கு மேல் உயரம் கிடைத்துவிடும். தொல்லைகளும் அதே அளவில் கூடும்.

ஒன்றை அசைத்தால் ஒன்பது அசையும்

முதலில் புரொப்பெல்லர் ஷாப்ட்டைக் கவனிப்போம். கியர்பெட்டி சட்டத்துடன் உயர்ந்துவிடுகிறது. அச்சு பழைய இடத்திலேயே நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் ஷாப்ட் மேலும் சாய்ந்தாக வேண்டும். ஷாப்ட்டின் நீளம் 50 செ.மீ. என்றால், 10 செ.மீ. உயர்த்தும்போது சாய்வு ஏறக்குறைய 11 டிகிரி அதிகரிக்கும். ஷாப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள மூட்டுகளை மெக்கானிக்குகள் 'கிராஸ்' என்பார்கள். சாய்ந்த நிலையில் இந்த மூட்டு சீரான வேகத்தைக் கடத்துவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். 5 டிகிரிச் சாய்வில் இந்த மாறுபாடு நூற்றுக்கு அரைப் பங்கைக்கூட எட்டாது. 20 டிகிரியிலோ நூற்றுக்கு 6 பங்கு கூடியும் குறைந்தும் வரும். இரு முனைகளின் கோணங்களும் சமமாக இருந்தால் ஒன்றின் குறையை மற்றது சரிசெய்யும். சமமாக இல்லையென்றால் வண்டி அதிரும்; கிராஸ் விரைவில் தேய்ந்து உடையும்.

அடுத்தது ஸ்டியரிங். சைக்கிளின் முன் கவை சற்றுச் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையை விட்டாலும் சைக்கிள் நேராகச் செல்ல அந்தச் சாய்வு பெரிதும் உதவுகிறது. ஜீப்பின் முன்சக்கரங்கள் திரும்பும் அச்சாணிகளுக்கும் இத்தகைய சாய்வு உண்டு. முன்புற ஷாக்கிளை நீட்டும்போது அச்சு சிறிது உருண்டு இச்சாய்வு குறைகிறது. வளைவு முடிந்த பின்னும் ஸ்டியரிங் தானாக நேராக வராது. வண்டி சாலையில் அலையும். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் கம்பியும் அதிகமாகச் சாய்வதால், பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ஓட்டுநர் திருப்பாமலேயே வண்டி திரும்பப் பார்க்கும்.

மூன்றாவது பிரேக் குழாய். சட்டத்திலிருந்து அச்சுக்குச் செல்லும் ரப்பர் குழாய் பழைய உயரத்துக்கு அளந்து வைத்தது. பள்ளத்தில் சக்கரம் முழுவதும் தொங்கும்போது அது விறைத்து இழுபடும். பழைய ரப்பர் அறுந்தால் பிரேக் எண்ணெய் வெளியேறிவிடும். மலைச்சரிவில் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

டயரைப் பெரிதாக்கினால் இன்னொரு கணக்கும் உண்டு. மேற்கண்ட 78 செ.மீ. டயரில், வேகமானி 60 காட்டும்போது வண்டி உண்மையில் 65 கி.மீ. வேகத்தில் ஓடும். ஆரம் கூடியதால் அதே பிரேக்கின் பிடியும் சாலையில் குறைந்துவிடும்.

கவிழும் கோணம்

எல்லாவற்றிலும் முக்கியமானது ஈர்ப்பு மையம். ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இரண்டு தீப்பெட்டிகளில் ஒன்றைப் படுக்கையாகவும் மற்றதை நிமிர்த்தியும் சொரசொரப்பான அட்டைமேல் வையுங்கள். அட்டையின் ஓரத்தை மெல்ல உயர்த்துங்கள். நிமிர்ந்த பெட்டி முதலில் கவிழும். ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு அடித்தளத்துக்கு வெளியே விழுந்தவுடன் பொருள் சாய்ந்துவிடும்.

ஜீப்பின் இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடைவெளி ஏறக்குறைய 124 செ.மீ.; அதில் பாதி 62. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். கணக்கின்படி வண்டி பக்கவாட்டில் கவிழும் கோணம் 44 டிகிரி. ஸ்பிரிங்கை 10 செ.மீ. உயர்த்தும்போது, அச்சும் சக்கரங்களும் உயராததால் ஈர்ப்பு மையம் 8 செ.மீ. உயர்வதாகக் கொள்வோம். பெரிய டயரால் மேலும் 3 செ.மீ. ஆக 76 செ.மீ. இப்போது கோணம் 39 டிகிரி. ஐந்து டிகிரி பறிபோயிற்று! ஸ்பிரிங்கும் டயரும் ஒரு பக்கம் அமுங்குவதால் உண்மையான கோணம் இவற்றைவிடவும் குறைவு. கூரைமேல் மூட்டையும் பின்னால் ஆட்களும் ஏறினால் இன்னும் குறையும். கொண்டை ஊசி வளைவில் வெளிப்புறம் தள்ளும் விசையும் சேர்ந்துகொள்ளும்.

செய்வதாயின்

ஆகவே உயர்த்தும் வேலை ஸ்பிரிங்கோடு முடிவதில்லை. சட்டத்தை உறுதியான தாங்கிகளில் நிறுத்தியே வேலை செய்ய வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழையக் கூடாது. யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, சிறிது தூரம் ஓடியபின் மீண்டும் முறுக்க வேண்டும். அச்சுகள் முழுவதும் தொங்கும் நிலையில் பிரேக் குழாய், ஷாக் அப்சார்பர், ஷாப்ட் ஆகிய மூன்றும் இழுபடாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஸ்டியரிங் கோணங்களை அளந்து திருத்த வேண்டும்.

சட்டமும் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியின் அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. எனவே போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறியாமல் இவ்வேலையில் இறங்குவது முறையன்று.

உயரமான ஜீப் கம்பீரமாகத் தோன்றலாம். ஆனால் அதில் உயர்ந்தவை எவை, உயராமல் நின்றவை எவை என்பதை அறிந்தவரே அதைப் பாதுகாப்பாக ஓட்ட முடியும். மலைப்பாதையில் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவர்களின் உயிரும் அந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.