முன்பணம் கொடுக்க முதல் கடதாசியைக் கேளுங்கள்

கரவெட்டி, நெல்லியடிப் பக்கத்தில் இரும்புக்கடை, பாமசி, புடைவைக்கடை எங்கும் இப்போது கணினிப் பில்தான். நல்ல விஷயம். ஆனால் அந்த மென்பொருளை எங்கள் முதலாளிமார் வாங்குகிற விதம்தான் வயிற்றெரிச்சல். தெரிந்த பெடியன் செய்து தருகிறான் என்று வாய்ப்பேச்சில் முடிவு. முழுக் காசும் முதல் நாளே கைமாறும். பிறகு பெடியன் கனடா போய்விடுவான். கையிருப்பு, கடன் கணக்கு, சம்பளப் பட்டியல் எல்லாம் அவனுக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல்லுக்குள் கிடக்கும். வேறு ஒருவரைக் கூப்பிட்டால், "புதுசாத்தான் போடவேணும்" என்பார்.

முதலில் ஆள் யார் என்று பாருங்கள். கம்பனி என்று சொன்னால் பதிவு இலக்கத்தைக் கேட்டு, கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடுங்கள். தனியாள் வியாபாரம் என்றால் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழின் பிரதி வேண்டும். அது பிரதேச செயலகத்தில் பதியப்படுவது. தரத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

அடுத்தது ஒப்பந்தம். இரண்டு பக்கம் போதும், ஆனால் எழுத்தில் இருக்கவேண்டும். தரவு முழுவதும் கடைக்குச் சொந்தம். கேட்டவுடன் எக்செல் வடிவில் எடுத்துத் தரப்படும். தலைமைக் கடவுச்சொல் முதலாளியிடம் இருக்கும். சேர்வர் கணக்கும் இணைய முகவரியும் கடையின் பெயரில் பதியப்படும். கட்டணம் பிந்தினால் எத்தனை நாள் அவகாசம். இவற்றோடு வரி மாறினால் யார் திருத்துவது என்பதும் வேண்டும். 2024 ஜனவரி 1ஆம் திகதி வற் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனது. பல பொருட்களின் விலக்கும் அன்றே போனது. இப்படியான நாளில் திருத்தக் கூலி எவ்வளவு என்று அப்போதுதான் கேட்டால், சொன்ன விலைதான்.

காசைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். கடைசிப் பகுதியை ஒரு மாதக் கணக்கு முடியும்வரை கொடுக்கவேண்டாம். அந்த மாதம் பழைய கொப்பியும் கூடவே ஓடட்டும். ஒருவரின் சம்பளத்தைக் கையால் போட்டுப் பாருங்கள்: சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8 வீதம், முதலாளியிடம் 12, நம்பிக்கை நிதிக்கு முதலாளியிடம் 3. திரையில் வேறு தொகை வந்தால் மிகுதிக் காசு உங்களிடமே இருக்கட்டும்.

காப்புப் பிரதி இல்லாமல் ஒருநாளும் ஓட்டாதீர்கள். 2023இல் கப்பம் கேட்கும் தீம்பொருள் அரச மின்னஞ்சல் வலையைத் தாக்கியபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அகப்பட்டது. அந்தக் காலத்துக்கு ஒரு பிரதிகூட இருக்கவில்லை! கொழும்பின் லட்சணம் அது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2022இல் நிறைவேற்றிவிட்டு, அமுலாகும் நாளைத் தள்ளிப்போட்டவர்களும் அவர்கள்தான். நீங்கள் அவர்களைப் பார்த்து நடக்கவேண்டாம். கிழமைக்கொரு முறை தனி ஹாட் டிஸ்க்கில் பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். இறைவரித் திணைக்களத்துக்குக் காட்டவேண்டிய பதிவுகளைக் குறைந்தது 5 வருடம் வைத்திருக்கவேண்டும். கணினி பழுதாகிவிட்டது என்ற கதை அங்கே எடுபடாது. திரும்பவும் சொல்கிறேன்: பிரதி எடுங்கள்.

ஏற்கனவே அகப்பட்டுவிட்டவர்கள் சண்டைக்குப் போகாமல் எழுதுங்கள். குறை என்ன, எத்தனை நாளில் திருத்தவேண்டும் என்று பதிவுத் தபாலில் கடிதம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டப்படி மின்னஞ்சலுக்கும் பெறுமதி உண்டு, எதையும் அழிக்காதீர்கள். பதில் இல்லையென்றால் பற்றுச்சீட்டு, ஒப்பந்தம், கடிதம் மூன்றின் பிரதியோடு யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்திலுள்ள பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். 1977க்குப் பேசியும் விபரம் கேட்கலாம். சிறிய தொகை வழக்குக்கு நீதிமன்றம் போகமுன் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டும். உங்களுக்குரிய சபை எது என்று கரவெட்டிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். அங்கே இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் அந்த வழக்கைப் பருத்தித்துறை நீதிமன்றத்தில் பாரப்படுத்த முடியாது.

மென்பொருள் செய்தவரே ஆனாலும், அனுமதியில்லாமல் வெளியிலிருந்து உங்கள் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். அப்படி நடந்தால் நெல்லியடிப் பொலிசில் முறைப்பாடு பதிந்து, இலக்கத்தை எழுதி வாங்குங்கள்.

பாவனையாளர் அதிகார சபைக்கு முறைப்பாடு மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். அந்த மூன்று மாதம், பழுது தெரிந்த நாளிலிருந்து அல்ல, பொருளோ சேவையோ தரப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படுகிறது.